மெல்லிய தோல் மடல்

மெல்லிய தோல் மடல் என்பது, காயத்தால் தோலும் சதையும் இழந்த இடத்தை மூடுவதற்காக, உடலின் வேறொரு பகுதியிலிருந்து குருதி ஓட்டம் அறுபடாமல் எடுக்கப்படும், கொழுப்பு குறைந்த தோல் துண்டு ஆகும். மருத்துவமனைகளில் இது ‘பிளாப்’ என்ற பெயரிலேயே வழங்குகிறது. கை, விரல், பாதம், கணுக்கால், முகம் போன்ற இடங்களில் இயல்பாகவே தோல் மெலிதாக இருக்கும். அங்கே தடித்த மடலை வைத்தால் காயம் மூடும், ஆனால் உறுப்பு பழையபடி வேலை செய்யாது. மூடுவதோடு வேலையையும் மீட்பதற்காகவே மெல்லிய மடல்கள் உருவாயின.

தமிழ்நாட்டில் இச்சிகிச்சையின் தேவை மிகுந்த வட்டாரங்களுள் ஒன்று திருப்பூர் பின்னலாடைப் பகுதி. பல்லடம், அவிநாசி, காங்கேயம், தாராபுரம், குண்டடம் ஆகிய ஊர்களில் பனியன் கம்பெனிகளும் விசைத்தறிக் கூடங்களும் நூற்பாலைகளும் சாயப்பட்டறைகளும் விவசாய இயந்திரங்களும் அருகருகே இயங்குகின்றன. அங்கு கையே முதன்மையான தொழிற்கருவி என்பதால், கைக்காயத்துக்குச் செய்யப்படும் சிகிச்சையின் தரம் ஒரு குடும்பத்தின் வருமானத்தை நேரடியாகத் தீர்மானிக்கிறது.

தோல் ஒட்டும் தோல் மடலும்

தோல் இழந்த காயத்தை மூட இரண்டு அடிப்படை வழிகள் உள்ளன. ஒன்று தோல் ஒட்டு. மற்றொன்று தோல் மடல்.

தோல் ஒட்டில், பெரும்பாலும் தொடையிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பாதிக்கும் குறைவான கனத்தில் தோலின் மேலடுக்கு சீவி எடுக்கப்படுகிறது. இந்தத் துண்டுக்குச் சொந்தக் குருதிக்குழாய் எதுவும் இல்லை. முதல் இரண்டு நாள்கள் காயத்தின் ஈரத்தை உறிஞ்சியே அது உயிர் பிழைக்கிறது. அதன் பின்னரே அடியிலுள்ள நுண்குழாய்கள் அதனுள் வளர்ந்து இணைகின்றன. ஆகவே காயத்தின் அடித்தளம் குருதி நிறைந்த சதையாக இருந்தால்தான் தோல் ஒட்டு பிடிக்கும். உறை உரிந்த எலும்பு, உறை இழந்த தசைநாண், திறந்த மூட்டு, உலோகத் தகடு ஆகியவற்றின் மேல் அது பிடிக்காது. எப்படியோ பிடித்துவிட்டாலும் தசைநாணோடு ஒட்டிக்கொண்டு, விரல் மடங்குவதைத் தடுக்கும். நாளடைவில் சுருங்கவும் செய்யும்.

தோல் மடல் அப்படியல்ல. அது தன் தமனியையும் சிரையையும் உடன் கொண்டு வருகிறது. எனவே அடித்தளத்தை நம்பியிராமல், எலும்பின் மேலும் தசைநாணின் மேலும் உயிரோடு இருக்கும். அதற்கடியில் தசைநாண் வழுக்கி ஓட முடியும். பின்னாளில் எலும்பு ஒட்டு, தசைநாண் மாற்றம், நரம்பு இணைப்பு போன்ற சிகிச்சைகள் தேவைப்பட்டால், மடலைத் தூக்கிவிட்டு அவற்றைச் செய்துவிட்டு மறுபடி மூடலாம்.

மடல் பழைய இடத்தோடு ஒரு காம்பால் இணைந்திருந்தால் அது காம்பு மடல். முழுவதுமாக வெட்டி எடுத்து, புதிய இடத்திலுள்ள தமனியோடும் சிரையோடும் நுண்ணோக்கியின் உதவியால் தைத்து இணைத்தால் அது தனி மடல்.

குருதி ஓட்டமும் மடலின் கனமும்

தோலுக்குக் கீழே கொழுப்பு, அதன் கீழே தசையைப் போர்த்திய திசுப்படலம், அதற்கும் கீழே தசை என அடுக்குகள் அமைந்துள்ளன. பெரிய தமனிகள் ஆழத்தில் ஓடுகின்றன. அவற்றிலிருந்து பிரியும் சிறு கிளைகள் தசையையோ தசைகளுக்கு இடைப்பட்ட இடைவெளியையோ ஊடுருவி மேலே வருகின்றன. இவை ஊடுருவு தமனிகள் எனப்படும். மேலே வந்ததும் அவை கொழுப்பினூடே கிளைத்து, தோலின் உட்பரப்பை ஒட்டி ஒரு வலைப்பின்னலாகப் பரவுகின்றன.

மெல்லிய மடலுக்கு அடிப்படை இந்த வலைப்பின்னல்தான். தோலுக்கு உயிரூட்டும் குருதி கடைசியில் தோலையொட்டிய வலையிலேயே ஓடுவதால், அந்த வலையையும் அதற்கு நீர் பாய்ச்சும் வாய்க்கால் போன்ற ஊடுருவு தமனியையும் காப்பாற்றினால், இடையிலுள்ள கொழுப்பில் பெரும்பகுதியை நீக்கிவிடலாம். ஆனால் ஊடுருவு தமனி தோலுக்குள் நுழையும் இடத்தைச் சுற்றிச் சில சென்டிமீட்டர் அளவுக்குக் கொழுப்பைத் தொடாமல் விடுவது வழக்கம். அங்கே கத்தி தவறினால் மடல் முழுவதும் போய்விடும்.

ஒவ்வொரு தமனியும் உடலின் எவ்வளவு பரப்புக்கு உணவளிக்கிறது என்பதை ஆஸ்திரேலியாவின் இயன் டெய்லரும் பால்மரும் 1987இல் விரிவாக வரைபடமாக்கினர். எந்த இடத்தில் எவ்வளவு பெரிய மடலை எடுக்கலாம் என்ற கணிப்பு அதன் பிறகு உறுதியான அடித்தளம் பெற்றது.

ஏன் மெலிதாக இருக்க வேண்டும்

புறங்கைத் தோல் மெலிதாகவும் தளர்வாகவும் இருப்பதால்தான் விரல்களை மடக்கும்போது அது நீண்டு இடம் கொடுக்கிறது. அந்த இடத்தில் வயிற்றிலிருந்து எடுத்த, இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனமுள்ள கொழுப்போடு கூடிய மடலை வைத்தால் பல இடையூறுகள் வரும். விரல்களுக்கு இடைப்பட்ட பிளவுகள் அடைபடும். கை முழுதாக மூடாது. எதையாவது இறுகப் பற்றும்போது மடல் அடியில் நழுவும். கையுறை நுழையாது. கைக்குத் தேவையற்ற பாரமும் கூடும்.

மேலும் ஒரு சிக்கல் உண்டு. வயிற்றிலிருந்து வந்த கொழுப்பு, கைக்கு இடம் மாறிய பிறகும் வயிற்றுக் கொழுப்பாகவே நடந்துகொள்கிறது. நோயாளியின் உடல் எடை கூடினால் கையிலுள்ள மடலும் பருக்கிறது. சிறுவயதில் மடல் வைக்கப்பட்டவர்களுக்கு நடுவயதில் இது தெளிவாகத் தெரியும். அதேபோல மயிர் உள்ள இடத்திலிருந்து எடுத்த தோலில் கையிலும் மயிர் வளரும்.

பின்னலாடைத் தொழிலில் இதன் பொருள் எளிது. ஓவர்லாக் அல்லது பிளாட்லாக் இயந்திரத்தில் உட்காரும் தையல்காரர் இரு கைவிரல்களாலும் துணியின் ஓரத்தைத் தடவி நகர்த்துகிறார். செக்கிங் பிரிவில் இருப்பவர் நூல் பிசிறை நுனிவிரலால் பிடித்து வெட்டுகிறார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியோடு நுனி தொட முடியாவிட்டால் இந்த வேலைகளைச் செய்ய முடியாது. காயம் நன்றாக ஆறியும் வேலைக்குத் திரும்ப முடியாத நிலை இப்படித்தான் உருவாகிறது.

வரலாறு

தோல் மடல் சிகிச்சையின் மிகப் பழைய விளக்கங்களுள் ஒன்று சுசுருத சம்கிதையில் உள்ளது. அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தோலைக் கொண்டு மீண்டும் அமைக்கும் முறையை அது கூறுகிறது. பிற்காலத்தில் நெற்றித் தோலைக் கீழே திருப்பி மூக்கு அமைக்கும் முறை இந்தியாவில் சில குடும்பங்களின் கைத்தொழிலாகத் தொடர்ந்தது.

இம்முறையை ஐரோப்பா அறிந்துகொண்டதற்குத் தென்னிந்தியப் போர் ஒன்று காரணமானது. திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயருக்கும் 1792இல் முடிந்த போரின்போது, ஆங்கிலப் படையில் மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் பிடிபட்டு, மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டார். பின்னர் புனே அருகே உள்ளூர் மருத்துவர் ஒருவர் நெற்றித் தோலைக் கொண்டு அவருக்கு மூக்கு அமைத்தார். இச்செய்தி 1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் படத்துடன் வெளியானது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ, 1814இல் லண்டனில் அதே முறையைச் செய்து பார்த்தார். கவாஸ்ஜிக்கு மூக்கு திரும்பக் கிடைத்தது. கைக்குச் செய்வதற்கு அன்று யாரிடமும் வழி இருக்கவில்லை.

முதல் உலகப் போரின்போது, 1917இல், ஹரோல்டு கில்லிஸ் தோலைக் குழாய் போலச் சுருட்டித் தைக்கும் காம்பு மடலைப் பயன்படுத்தினார். அதே காலத்தில் உருசியாவின் பிலாத்தோவும் தனியாக இதே வழியைக் கண்டிருந்தார். இந்த மடல்கள் உயிர் பிழைத்தன. ஆனால் தடிமனாக இருந்தன.

வேண்டுமென்றே மடலை மெலிதாக்கும் எண்ணத்தைக் கை அறுவை சிகிச்சையில் வலியுறுத்தியவர்களுள் பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த கோல்சன் முக்கியமானவர். 1960களில் அவர் வயிற்று மடலிலிருந்து கொழுப்பை ஏறக்குறைய முழுவதுமாக நீக்கிக் கையில் பொருத்தினார். தோல் ஒட்டைப் போல மெலிதாகவும் மடலைப் போல உயிரோட்டத்தோடும் இருந்ததால் அதை ‘மடல் ஒட்டு’ என்ற பொருளில் அழைத்தார்.

அதன் பின்னர் முன்னேற்றங்கள் விரைவாக வந்தன. 1972இல் மெக்ரெகரும் ஜாக்சனும் தொடையிடுக்கு மடலை விவரித்தனர். அடுத்த ஆண்டே டேனியலும் டெய்லரும் அதைத் தனி மடலாக இடம் மாற்றியதைப் பதிவு செய்தனர். 1981இல் சீனாவின் யாங் குவோபான் குழுவினர் முன்கை மடலை வெளியிட்டனர்; மெல்லிய, மயிர் குறைந்த தோலைத் தந்த அந்த மடல் ‘சீன மடல்’ என்றே பெயர் பெற்றது. 1984இல் சாங் யேகுவாங் தொடையின் முன்பக்க வெளிப்புற மடலை அறிமுகப்படுத்தினார். 1989இல் ஜப்பானின் இசாவோ கோஷிமாவும் சோயிதாவும், தசையைத் தொடாமல் ஊடுருவு தமனியை மட்டும் நம்பி மடல் எடுக்கலாம் என்று காட்டினர். மெல்லிய மடல்களின் இன்றைய காலகட்டம் அதிலிருந்து தொடங்குகிறது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் கை அறுவை சிகிச்சை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வேரூன்றியது. அங்கு 1940களின் இறுதியில் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றத்தால் நிமிர்த்தினார். தோற்றத்தைச் சீராக்குவதை விட, கை மறுபடியும் உழைக்க வேண்டும் என்பதே அவர் வைத்த அளவுகோல்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் ஆர். வெங்கடசாமி கைக்கென்றே தனிப் பிரிவை வளர்த்தெடுத்தார். அவரும் சுப்பிரமணியனும் 1980இல் வெளியிட்ட சாய்முக்கோண மடல் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. விரல் நுனி சாய்வாக வெட்டுப்பட்டால், அதே விரலின் பக்கவாட்டுத் தோலை நரம்போடும் தமனியோடும் முக்கோணமாக விடுவித்து, முன்னே நகர்த்தி நுனியை மூடுவதே அம்முறை. வேறு இடத்தில் தோல் எடுக்க வேண்டியதில்லை. நுனியில் தொடுஉணர்வும் நிற்கிறது. அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் 2018 பிப்ரவரியில் இரு கை மாற்று அறுவை சிகிச்சையும் நடைபெற்றது.

கொங்கு வட்டாரத்தில் இத்துறையின் மையம் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை. ஜே. ஜி. சண்முகநாதன், கனகவல்லி சண்முகநாதன் இணையர் 1978இல் தொடங்கிய இம்மருத்துவமனையில், அவர்களின் மகன் எஸ். ராஜா சபாபதி 1991இல் ஒட்டுறுப்பு மற்றும் கை அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். நுண்ணறுவை சிகிச்சை பரவிய பிறகும், வயிறு மற்றும் தொடையிடுக்கிலிருந்து எடுக்கும் காம்பு மடல்களுக்குக் கைக்காயத்தில் நிலையான இடம் உண்டு என்று அவரது குழு கட்டுரைகளில் எடுத்துரைத்துள்ளது. காம்பு மடலையும் திட்டமிட்டு மெலிதாக எடுத்தால், எளிய கருவிகளே உள்ள மருத்துவமனையிலும் நல்ல கையை உருவாக்கலாம் என்பது அதன் உட்பொருள். எலும்பு முறிந்து சதை கிழிந்த காலைக் காப்பாற்ற முடியுமா என்று மதிப்பிட இம்மருத்துவமனை உருவாக்கிய மதிப்பெண் முறையும் 2006இல் வெளியாகிப் பல நாடுகளில் கையாளப்படுகிறது. தோலுக்கும் எலும்புக்கும் தசை–நரம்புக்கும் தனித்தனியே மதிப்பெண் இடுவது அதன் சிறப்பு.

குண்டடம்–திருப்பூர் வட்டாரத்துக் காயங்கள்

குண்டடம், பல்லடம்–தாராபுரம் சாலையில் உள்ள ஊர். 2009இல் உருவான திருப்பூர் மாவட்டத்தின் தாராபுரம் வட்டத்தைச் சேர்ந்தது. மழை குறைந்த இப்பகுதியில் மேய்ச்சலும் மானாவாரி விவசாயமும் ஒருபுறமிருக்க, ஆலைகளுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் பலர். ஆகவே இங்கே ஆலைக்காயம், வயல் இயந்திரக் காயம், சாலைக்காயம் மூன்றும் கலந்து வருகின்றன.

இயந்திரத்தைப் பொறுத்துக் காயத்தின் தன்மை மாறும். அதைப் பொறுத்தே மடலும் மாறும்.

தையல் ஊசி விரலில் ஏறுவது மிகச் சாதாரணமாக நிகழ்வது. இதற்குப் பெரும்பாலும் மடல் தேவைப்படாது. ஆனால் முறிந்த ஊசித்துண்டு எலும்பினுள் நின்றிருக்கலாம் என்பதால் எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

கட்டிங் மேசையில் நிமிர்ந்த கத்தியோ பேண்ட் நைஃபோ பட்டால் விரல் நுனி சுத்தமாக வெட்டுப்படும். விளிம்பு நசுங்காததால் துண்டான பகுதியைத் தைத்து ஒட்ட வாய்ப்பு அதிகம். அது இயலாதபோது விரலுக்குள்ளேயே நகர்த்தும் சிறு மடல்கள் போதும். எஃகு வளையக் கையுறை அணிந்தால் இக்காயங்களில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

காலண்டரிங், காம்பாக்டிங் இயந்திரங்களின் சூடான உருளைகளுக்கு இடையே கை சிக்குவது கொடிய காயம். நசுக்கலும் தீப்புண்ணும் ஒரே நேரத்தில் ஏற்படுகின்றன. உருளை ஓடிக்கொண்டே இருந்தால் தோல் கையுறையைப் போல உரிந்துவிடும். புறங்கையில் தசைநாண்கள் வெளித்தெரிந்தால் தோல் ஒட்டு உதவாது. மெல்லிய மடலே வழி.

சாயப்பட்டறையில் துணியைப் பிழியும் ஹைட்ரோ இயந்திரம் முழுதாக நிற்கும் முன் கையை உள்ளே விட்டால், சுழலும் துணி கையை முறுக்கி இழுக்கும். குருதிக்குழாயும் நரம்பும் வெட்டுப்படாமல் இழுபட்டு அறுவதால், சேதம் வெளியே தெரிவதைவிட நீண்டிருக்கும். மடலின் குழாயைக் காயத்திலிருந்து தள்ளி, நலமாக உள்ள தமனியில் இணைக்க வேண்டியிருக்கும்.

மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் இயந்திரம், கரும்பு பிழியும் இயந்திரம், டிராக்டரின் சுழல் தண்டு ஆகியவை வயல்வெளிக் காயங்களைத் தருகின்றன. மண்ணும் சாணமும் புகுந்த காயங்களில் தொற்று முதல் எதிரி. மடலின் வெற்றி, காயத்தை எவ்வளவு சுத்தம் செய்தார்கள் என்பதையே நம்பியிருக்கும்.

முக்கிய மடல் வகைகள்

விரலுக்குள் நகரும் மடல்கள்: நுனிக்காயத்துக்கு வெங்கடசாமியின் சாய்முக்கோண மடலும், கட்டைவிரல் நுனிக்கு மோபர்க் மடலும் பயன்படுகின்றன. ஒரே இனத் தோல், அதே கனம், அதே உணர்வு என்பதால் இவையே முதல் தெரிவு.

குறுக்கு விரல் மடல்: ஒரு விரலின் உள்பக்கத்தில் தோல் போயிருந்தால், பக்கத்து விரலின் முதுகுத் தோலைப் புத்தகத் தாள் போலப் புரட்டி அதன் மேல் மூடுவர். இரண்டு விரல்களும் இரண்டு முதல் மூன்று வாரங்கள் இணைந்தே இருக்கும். பிறகு காம்பு வெட்டிப் பிரிக்கப்படும்.

வயிற்று மடலும் தொடையிடுக்கு மடலும்: பெரிய காயத்துக்கு ஏற்றவை. கை ஏறக்குறைய மூன்று வாரங்கள் உடலோடு ஒட்டியிருக்க வேண்டும். தோளும் முழங்கையும் இறுகிப்போகும் ஆபத்து உண்டு. ஆனால் அறுவை நேரம் குறைவு, நுண்ணோக்கி வேண்டியதில்லை, எடுத்த இடத்துத் தழும்பு துணிக்குள் மறைந்துவிடும்.

முன்கை மடல்: மெலிதானது, நம்பகமானது. ஆனால் முன்கையின் ஆரத் தமனியை எடுத்துக்கொள்வதால், மற்றொரு தமனி மட்டுமே கைக்குப் போதுமா என்பதை ஆலன் சோதனையால் முன்பே உறுதி செய்ய வேண்டும். முன்கையில் தோல் ஒட்டிய தழும்பு வெளிப்படையாகத் தெரியும்.

தொடை மடல்: அளவில் பெரிதாக எடுக்கலாம்; நீண்ட குழாய் கிடைக்கும். ஒல்லியானவருக்கு இயல்பாகவே மெலிதாக அமையும். தொடையில் கொழுப்பு மிகுந்தவருக்கு அதை மெலிதாக்கியே வைக்க வேண்டும்.

தொடையிடுக்கு ஊடுருவு மடல்: கோஷிமா 2000களில் வளர்த்தெடுத்தது. தோலையொட்டிய மேல்மட்டத்திலேயே எடுக்கப்படுவதால் மிக மெலிதானது. ஆனால் அதன் குழாய்கள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கக்கூடும். தலைமயிரை விட மெல்லிய நூலால் அவற்றைத் தைக்க வேண்டியிருப்பதால், நீண்ட பயிற்சி பெற்ற குழுவால் மட்டுமே செய்ய இயலும்.

மெலிதாக்கும் வழிகள்

முதல் வழி, மெல்லிய இடத்தைத் தேர்ந்தெடுப்பது. இரண்டாவது, எடுக்கும்போதே மேல் அடுக்கில் எடுப்பது. வயிற்றில் தோலுக்கடியில் சிறுமணிகளாக உள்ள மேல் கொழுப்புக்கும், பெரிய கட்டிகளாக உள்ள கீழ்க் கொழுப்புக்கும் இடையே மெல்லிய படலம் ஒன்று உண்டு. அந்தப் படலத்தின் மட்டத்திலேயே பிரித்தால் கீழ்க் கொழுப்பு உடலிலேயே நின்றுவிடும். மூன்றாவது, எடுத்த மடலைத் திருப்பிப் போட்டு, உட்பக்கக் கொழுப்பைக் கத்தரியால் சீவுவது. காம்புக்கு அருகில் கனமாகவும், காயத்தின் மேல் அமரும் பகுதியில் சில மில்லிமீட்டர் மட்டும் நிற்கும்படியும் செய்வர்.

நான்காவது வழி, தடித்த மடலை வைத்துவிட்டுப் பின்னர் குறைப்பது. மூன்று முதல் ஆறு மாதங்களில் மடல் சுற்றியுள்ள தோலிலிருந்தும் குருதி பெறத் தொடங்கியிருக்கும். அப்போது கொழுப்பை உறிஞ்சியோ வெட்டியோ எடுக்கலாம். ஒரே தடவையில் முழு மடலையும் தூக்காமல் பாதி பாதியாகச் செய்வதே பாதுகாப்பானது.

இவற்றுள் எதைத் தேர்வது என்பது ஒரு பேரம் போன்றது. முதல் தடவையிலேயே மெலிதாக்கினால் அறுவைகளின் எண்ணிக்கை குறையும். கையை விரைவில் அசைக்கலாம். தொழிலாளி விடுப்பில் இருக்கும் நாள்களும் குறையும். ஆனால் ஓரம் கருகும் ஆபத்து கூடும். நசுங்கிய காயம், புகைப்பழக்கம், கட்டுப்படாத சர்க்கரை நோய் ஆகியவை இருந்தால் சற்றுக் கனமாக வைத்துப் பிறகு குறைப்பதே நல்லது.

சிகிச்சையின் போக்கு

முதல் வேலை, இறந்த திசுக்களை முழுமையாக வெட்டி நீக்கிக் காயத்தைக் கழுவுவது. பின்னர் எலும்பைக் கம்பியாலோ தகட்டாலோ நிலைநிறுத்தி, அறுந்த தமனி, தசைநாண், நரம்பு ஆகியவற்றைச் சரிசெய்வர். அதன் பின்பே மூடுதல் வரும். ஸ்லோவேனியாவின் மார்கோ கோடினா 1986இல் வெளியிட்ட ஆய்வு, 72 மணி நேரத்துக்குள் மடல் வைத்தால் தொற்றும் மடல் இழப்பும் வெகுவாகக் குறைகின்றன என்று காட்டியது. காயத்தை வாரக்கணக்கில் கட்டுப்போட்டே வைத்திருக்கும் பழக்கம் மாறியதில் அந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

தனி மடல் வைத்த பிறகு முதல் இரண்டு மூன்று நாள்களே மிக முக்கியம். செவிலியர்கள் மணிக்கொரு முறை மடலின் நிறம், சூடு, அழுத்தினால் நிறம் திரும்பும் வேகம் ஆகியவற்றைப் பார்ப்பர். வெளிறிக் குளிர்ந்தால் தமனி அடைபட்டிருக்கலாம். நீலம் பாரித்து வீங்கினால் சிரை அடைபட்டிருக்கலாம். உடனே திரும்ப அறுவை அரங்குக்குக் கொண்டு சென்றால் பல மடல்களைக் காப்பாற்ற முடிகிறது. சிரை ஓட்டம் மட்டும் தேங்கிய சிறு மடல்களில், தேங்கிய குருதியை எடுக்க அட்டைப்பூச்சிகளைப் பயன்படுத்துவதும் உண்டு. சுசுருதர் கூறிய அட்டைவிடல் இவ்வாறு நுண்ணறுவை அரங்கில் மறுபிறவி எடுத்திருக்கிறது.

இக்காலத்தில் பீடி, சிகரெட், புகையிலை அறவே கூடாது. நிகோடின் நுண்குழாய்களைச் சுருக்கும். கொழுப்பு நீக்கிய மெல்லிய மடலுக்கு அந்தச் சுருக்கத்தைத் தாங்கும் வலு குறைவு.

மறுபயிற்சி

மடல் உயிர் பிழைத்தால் சிகிச்சை பாதிதான் முடிந்தது. மீதிப் பாதி பிசியோதெரபி. மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்தே விரல்களை மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும். வலிக்குப் பயந்து கையைத் தொட்டில் கட்டிலேயே வைத்திருந்தால் மூட்டுகள் இறுகிவிடும். அதன் பிறகு எவ்வளவு மெல்லிய மடலும் பயன் தராது. வீக்கம் வடிய இறுக்கமான கையுறையும், பிடிமானத்துக்கு ஏற்ற அச்சுப்பட்டையும் தரப்படும்.

மடலில் உணர்வு மெதுவாகவும் குறைவாகவுமே திரும்பும். அதனால் கொதிகலன், அயர்ன் பாக்ஸ், நீராவிக் குழாய் அருகே சூடு தெரியாமல் புண்படும் ஆபத்து பல மாதங்கள் இருக்கும். மார்கழிக் குளிரில் விரல் மரத்து வலிப்பதும் வழக்கமே. நிறம் சுற்றுத் தோலோடு முழுதாக ஒத்துப்போகாது. இவற்றை முன்கூட்டியே சொல்லிவிட்டால் நோயாளி ஏமாற்றம் அடைவது குறையும்.

முதல் ஒரு மணி நேரம்

குண்டடம் போன்ற ஊரிலிருந்து நுண்ணறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லப் பல கிலோமீட்டர் பயணம் தேவை. ஆகவே ஆலையிலோ தோட்டத்திலோ செய்யப்படும் முதலுதவி, பின்னர் நடக்கும் சிகிச்சையின் எல்லையைத் தீர்மானிக்கிறது.

– இயந்திரத்தின் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். உருளையைப் பின்னோக்கி ஓட்டிக் கையை எடுக்க முயன்றால் இரண்டாவது முறை நசுங்கும். உருளைகளின் அழுத்தத்தைத் தளர்த்தி விலக்கியே எடுக்க வேண்டும்.
– சுத்தமான துணியால் அழுத்திக் கட்டிக் கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். கம்பி, கயிறு, நூல் கொண்டு இறுக்கிக் கட்டக் கூடாது.
– காப்பித்தூள், மஞ்சள், பற்பசை, சாம்பல் எதையும் காயத்தில் அப்பக் கூடாது.
– மோதிரம், வளையலை வீங்கும் முன்பே கழற்ற வேண்டும்.
– துண்டான பகுதியைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைக்க வேண்டும். பனிக்கட்டி துண்டின் மேல் நேரடியாகப் படக் கூடாது.
– துண்டு சிறிது, நசுங்கிவிட்டது என்று எண்ணி எறிந்துவிடக் கூடாது. ஒட்ட முடியாவிட்டாலும் அதன் தோலோ நகப்படுகையோ பயன்படலாம்.
– மயக்க மருந்து தர வேண்டியிருக்கும் என்பதால் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் தரக் கூடாது.
– காயம் பட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். தசை உள்ள பகுதி துண்டானால் ஏறக்குறைய ஆறு மணி நேரமே அவகாசம். குளிர்ச்சியில் வைத்த விரலுக்கு அதைவிடக் கூடுதல் நேரம் உண்டு.

செலவும் உரிமையும்

மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ள, ஈ.எஸ்.ஐ. பதிவு பெற்ற தொழிலாளிக்கு வேலையிடக் காயத்துக்கான சிகிச்சையோடு, வேலைக்குத் திரும்பும் வரை ஊதியத்தில் 90 விழுக்காடு அளவுக்கு ஊனப் பயனும் உண்டு. வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்–நம்மைக் காக்கும் 48’ திட்டமும் துணை நிற்கின்றன. திருப்பூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது.

ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் வழி வகுத்தது. அதன் அட்டவணை கட்டைவிரல் இழப்பை 30 விழுக்காடு, ஆள்காட்டி விரல் முழு இழப்பை 14 விழுக்காடு உழைப்புத்திறன் இழப்பாகக் கணக்கிட்டது. விரல் நின்று, ஆனால் மடங்காமல் போனால் அட்டவணையில் நேரான எண் கிடையாது. மருத்துவரின் மதிப்பீடே அளவுகோல். ஆகவே அறுவைக் குறிப்பு, எக்ஸ்-ரே, பிசியோதெரபிப் பதிவு ஆகியவற்றைத் தொழிலாளி பத்திரப்படுத்தி வைப்பது அவசியம். வேலையிட விபத்தை வீட்டில் நடந்ததாக எழுதினால் இந்த உரிமைகள் அனைத்தும் கைநழுவும்.

வரம்புகள்

எல்லாக் காயத்துக்கும் மெல்லிய மடல் ஏற்றதல்ல. ஆழமான குழியை நிரப்பவும், தொற்றுள்ள எலும்பை மூடவும் தசை மடலே சிறந்தது. குதிகாலைப் போலப் பாரம் தாங்கும் இடத்தில் ஓரளவு மெத்தை தேவை. உள்ளங்கையின் தோல், அடியிலுள்ள படலத்தோடு நாரிழைகளால் கட்டுண்டிருப்பது. எந்த மடலும் அந்தப் பிடிமானத்தை முழுதாகத் தராது. விரல்கள் முற்றிலும் சிதைந்து, வயதும் உடல்நிலையும் தொழிலும் பல கட்ட அறுவைக்கு இடம் தராதபோது, சேதமான விரலை நீக்கிவிட்டு எஞ்சிய கையை விரைவில் இயங்கவைப்பதே நோயாளிக்கு நன்மையாக அமையும். எனவே மடலின் வகையை முடிவு செய்யும் முன், அந்தக் கை நாளை என்ன வேலை செய்ய வேண்டும் என்பதை மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து பேசித் தெளிவுபடுத்திக்கொள்வது இச்சிகிச்சையின் முதல் படியாகக் கருதப்படுகிறது.